திருவிழாவிற் சிறுவர்: அமெரிக்க நாட்டுப்புற நிழற்படங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு (1935 – 1943)

வரலாற்று ஆய்வாளர் எதிர்நோக்கும் இடர்ப்பாடுகளுள் ஒன்று, சமுதாயத்தின் சில பிரிவினர் தம்மைப் பற்றிய எழுத்துச் சான்றுகளை விட்டுச் செல்லாமையாகும். உழவர், கூலியாளர், பெண்டிர் ஆகியோர் நெடுங்காலமாக இப்பிரிவினுள் அடங்கினர். ஆயினும் உழவன் வரி செலுத்தியமைக்கேனும் பதிவு உண்டு. பெண்ணொருத்தி வழக்காடியமைக்கேனும் ஏடு உண்டு. எட்டு வயதுப் பிள்ளையொன்று ஊர்த் திருவிழாவிலே தன் பொழுதை எவ்வாறு கழித்தது என்பதற்குச் சான்று யாது? வளர்ந்தோர் தம் இளமையை நினைந்தெழுதும் குறிப்புகள் உள. எனினும் அவை பல்லாண்டுகள் கழிந்தபின் எழுதப்படுவன. நினைவினாற் குறைக்கப்பட்டும் கூட்டப்பட்டும் நம்மை வந்தடைவன.

இக்குறையை ஓரளவு நிரப்ப வல்லது நிழற்படமாகும். அதிலும் படம் எடுக்கப்படுவதை எண்ணாது, தன் போக்கில் இருக்கும் பிள்ளையைக் காட்டும் இயல்புநிலை நிழற்படம் தனிச் சிறப்புடையது. அத்தகைய படங்கள் மிகப் பெருந்தொகையாகத் திரட்டப்பட்ட சந்தர்ப்பங்களுள் ஒன்று, 1935 முதல் 1943 வரை ஐக்கிய அமெரிக்க அரசு தன் நாட்டுப்புறங்களிலே நடத்திய ஆவணப் பணியாகும். அப்பணியிற் கிராமத் திருவிழாக்களும் சந்தைக் கொண்டாட்டங்களும் பலமுறை பதிவாகின. அவற்றை நுணுகி நோக்குமிடத்து, பிள்ளைகளின் இயல்புநிலையைக் கைப்பற்ற இருவேறு வழிகள் கையாளப்பட்டமை புலனாகும். ஒன்று கமராவை மறைத்தல். மற்றையது கமராவுக்கு ஊரைப் பழக்குதல். இவ்விரு வழிகளும் ஒன்றல்ல என்பதும், அவை விட்டுச்சென்ற சான்றுகளும் ஒரே தன்மையனவல்ல என்பதும் இக்கட்டுரையிற் காட்டப்படும்.

அசையாது நின்ற பிள்ளை

1839 ஆம் ஆண்டில் டாகெர் தமது முறையை உலகுக்கு அறிவித்த காலத்தில், ஒரு படத்திற்கு ஒளி பதிவதற்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்நேரம் செக்கன்களாகக் குறைந்தது. எனினும் பிள்ளைகளுக்கு அதுவும் நெடிய நேரமே. தலையைப் பின்னின்று தாங்கும் இரும்புப் பிடிகள் பயன்பட்டன. குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயைத் துணியாற் போர்த்து, அவளை ஓர் இருக்கை போலத் தோன்றச் செய்யும் வழக்கமும் இருந்தது. இக்காலத்துப் படங்களிற் பிள்ளைகள் முதியோரைப் போல இறுகிய முகத்துடன் காணப்படுவது அக்காலப் பிள்ளைகளின் இயல்பைக் காட்டுவதன்று. அது கருவியின் இயல்பைக் காட்டுவதாகும்.

கருவி விரைவுபெற்ற பின்னரும் பழைய வழக்கம் உடனே மறையவில்லை. பர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த பாராளுமன்ற உறுப்பினரான சேர் பெஞ்சமின் ஸ்ரோன் 1897 இல் இங்கிலாந்திலே தேசிய நிழற்படப் பதிவுச் சங்கத்தை நிறுவினார். மறைந்துவரும் கிராம விழாக்களையும் வழக்கங்களையும் வருங்காலத்தவருக்காகப் பதிவுசெய்தலே அதன் நோக்கம். அப்பட்ஸ் புறொம்லி என்னும் ஊரின் கொம்பு நடனம் முதலாய பல விழாக்களை அவர் படமாக்கினார். அவற்றிற் பெரும்பாலானவற்றில் விழாவில் ஈடுபட்டோர் ஆட்டத்தை நிறுத்தி, வரிசையாக நின்று, கமராவை நோக்குகின்றனர். ஊரவர் தம்மை எவ்வாறு காட்ட விரும்பினர் என்பதற்கு இவை மிகச் சிறந்த சான்றுகள். விழா எவ்வாறு நடந்தது என்பதற்கு இவை சான்றாகா.

மறைந்து நின்ற கமரா

1880களில் உலர் தகடுகள் பரவியதும், கையிலேந்தக்கூடிய சிறு கமராக்கள் சந்தைக்கு வந்தன. பொதிகளைப் போலவும் பெட்டிகளைப் போலவும் உருமாற்றப்பட்ட இவை துப்பறியும் கமராக்கள் என வழங்கப்பட்டன. பிரான்சிற் பிறந்து இலண்டனில் மரச்செதுக்குத் தொழில் செய்த போல் மாட்டின், 1890களில் அத்தகைய கமராவொன்றைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, தெருவிலும் கடற்கரையிலும் விடுமுறைக் கூட்டங்களிலும் மக்களை அவர்கள் அறியாமலே படமெடுத்தார். அவரது படங்களிலே பிள்ளைகள் முதன்முறையாகப் பிள்ளைகளாகவே தோன்றுகின்றனர் எனலாம்.

ஜோர்ஜ் ஈஸ்ற்மன் 1888 இல் வெளியிட்ட கொடாக் கமராவின் விலை 25 டொலர். 1900 இல் அவரது கம்பனி வெளியிட்ட பிறவுனி கமராவின் விலை 1 டொலர். அது சிறுவர்க்கெனவே விளம்பரஞ் செய்யப்பட்டது. இதனாற் படமெடுத்தல் ஒரு சிலரின் கலையாக இருந்த நிலை மாறிற்று. 1925 இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா, 35 மில்லிமீற்றர் படச்சுருளைப் பயன்படுத்தியது. ஒரு சுருளில் 36 படங்களை எடுக்க வழிசெய்தது. ஜேர்மனியரான எரிக் சாலமன், மங்கலான ஒளியிலும் இயங்கும் சிறு கமராவைக் கொண்டு, அரசியல்வாதிகளை அவர்கள் அறியாத வேளைகளிற் படம்பிடித்துப் புகழ்பெற்றார்.

கருவி விரைந்த அளவுக்குச் சட்டம் விரையவில்லை. உடனடி நிழற்படங்கள் தனிவாழ்வினுள் நுழைவதைக் கண்டித்து, அமெரிக்கச் சட்ட அறிஞரான வாறனும் பிராண்டைசும் 1890 இல் எழுதிய கட்டுரை, அந்தரங்க உரிமை என்னும் கருத்துக்கு அடிகோலியது. ஆயினும் 1902 இல், பராயமடையாத பெண்ணொருத்தியின் படம் அவளது இசைவின்றி மா விளம்பரமொன்றில் அச்சிடப்பட்ட வழக்கில், நியூ யோர்க் மேன்முறையீட்டு மன்று அவளுக்கு உரிமையில்லை எனத் தீர்த்தது. மக்களின் எதிர்ப்பினால் அடுத்த ஆண்டே அம்மாநிலம் சட்டமியற்றி, வணிக நோக்கிற்கு மட்டும் தடைவிதித்தது. 1907 ஆம் ஆண்டின் ஜேர்மன் சட்டம் ஒருவரது உருவைப் பரப்புதற்கு அவரது இசைவு வேண்டுமெனப் பொதுவாக விதித்த போதிலும், கூட்டங்கள், ஊர்வலங்கள் முதலியவற்றிற் பங்குபற்றுவோரின் படங்களுக்கு விலக்களித்தது. பொதுவிழாவுக்கு வருபவர் பிறரது பார்வைக்குத் தம்மை உட்படுத்திக்கொள்கின்றார் என்பது இதன் உட்கருத்தாகும். பிள்ளைகள் விழாவுக்குத் தாமாக வருவதில்லை. அழைத்துவரப்படுகின்றனர் என்பதை அன்றைய சட்டங்கள் தனித்து நோக்கவில்லை.

ஸ்ரைக்கரின் பணிமனை

1929 இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்க உழவரைக் கடுமையாகத் தாக்கியது. வறட்சியும் புழுதிப் புயல்களும் அதனோடு சேர்ந்தன. சனாதிபதி றூஸ்வெல்ற்றின் அரசு 1935 இல் மீள்குடியேற்ற நிருவாகத்தை அமைத்தது. அதன் தலைவரான றெக்ஸ்போர்ட் ரக்வெல், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தம்மிடம் பயின்று பின்னர் தம்முடன் கற்பித்த றோய் ஸ்ரைக்கரை வரலாற்றுப் பிரிவின் பொறுப்பாளராக்கினார். 1937 இல் இந்நிருவாகம் பண்ணைப் பாதுகாப்பு நிருவாகம் எனப் பெயர்பெற்றது. 1942 இல் ஸ்ரைக்கரின் பிரிவு போர்த் தகவற் பணிமனையுடன் இணைக்கப்பட்டது. 1943 இல் ஸ்ரைக்கர் விலகினார்; 1944 இல் படத்தொகுதி காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தது. கறுப்பு வெள்ளை நெகற்றிவ்கள் மட்டும் ஏறத்தாழ 1,70,000 எனக் கணிக்கப்படும். வண்ணப் படங்கள் ஏறத்தாழ 1,600.

இப்பிரிவின் முதல் நோக்கம் அரசின் உதவித் திட்டங்களுக்கு மக்களின் ஆதரவைத் திரட்டுதலாகும். எனவே இதன் படங்கள் தொடக்கத்திலிருந்தே ஐயத்துடன் நோக்கப்பட்டன. 1936 இல் ஆதர் றொத்ஸ்ரைன் மாட்டு மண்டையோடொன்றை இடமாற்றி வைத்துப் படமெடுத்தமை வெளிப்பட்டபோது, எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அதனைப் பெரிய மோசடியெனச் சாடின. அடுக்கி எடுக்கப்படாத படமே மெய்ப்படம் என்னும் எண்ணத்துக்கு அரசியற் பெறுமதி இருந்தமையை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

வறுமையை மட்டுமன்றி வாழ்வு முழுவதையும் பதிவுசெய்ய வேண்டுமென்ற எண்ணம் ஸ்ரைக்கருக்குப் படிப்படியாக ஏற்பட்டது. சிறுநகரொன்றின் வாழ்வை ஆராய்ந்து 1929 இல் நூல் வெளியிட்ட சமூகவியலாளர் றொபேட் லிண்டுடன் 1936 இல் நிகழ்த்திய உரையாடல் இதற்குத் துணைநின்றது. அதன்பின் ஸ்ரைக்கர் தம் படப்பிடிப்பாளர்க்கு எழுதியனுப்பிய வழிகாட்டிக் குறிப்புகளில், மக்கள் ஓய்வுவேளையில் எங்கே கூடுகின்றனர், எவ்வாறு பொழுதுபோக்குகின்றனர் என்பன போன்ற வினாக்கள் இடம்பெற்றன. திருவிழாக்கள் இத்தொகுதியினுள் நுழைந்தது இவ்வாயில் வழியாகவே.

அஷ்வில்: மறைத்தலின் வழி

ஓவியராகிய பென் ஷான், 1938 கோடையில் ஒஹாயோ மாநிலத்திற் பணியாற்றினார். அஷ்வில் என்னும் சிற்றூரில் யூலை 4 ஆந் திகதிச் சுதந்திரதின விழாவை அவர் படமாக்கினார். அவர் பயன்படுத்திய லைக்காவிற் செங்கோண நோக்கியொன்று பொருத்தப்பட்டிருந்தது. படப்பிடிப்பாளர் ஒரு திசையை நோக்கி நிற்பார். கமரா அவரது பக்கவாட்டில் நிற்பவரைப் பிடிக்கும். தாம் படமெடுக்கப்படுவதை அயலில் நிற்பவர் பெரும்பாலும் அறியார்.

இம்முறையினால் விளைந்த படங்களின் சிறப்பு வெளிப்படையானது. விழாவின் நடுவே நிகழ்வது யாது என்பதை அவை அதிகம் காட்டுவதில்லை. அதனைப் பார்த்து நிற்போரையே காட்டுகின்றன. வளர்ந்தோரின் கால்களுக்கிடையே நின்று பார்க்க முயலும் பிள்ளைக்கு விழா எவ்வாறிருந்தது என்னும் வினாவுக்கு, ஸ்ரோனின் வரிசைப் படங்கள் தராத விடையை இவை தருகின்றன. கொண்டாட்டம் என்பது இடையறாத மகிழ்ச்சியன்று. அதில் காத்திருத்தலும் களைப்பும் ஏக்கமும் பெரும்பகுதி என்பதை இவற்றாலேயே அறிகின்றோம்.

ஆயினும் இம்முறையின் குறையும் அதனோடேயே பிறந்தது. படமெடுப்பதை மறைப்பவர், படமெடுத்தபின் சென்று பெயர் கேட்பது அரிது. கேட்டால் மறைத்தமை வெளிப்படும். ஆகவே இத்தகைய படங்களின் குறிப்புகள் இடத்தையும் ஆண்டையும் விழாவின் பெயரையும் கூறுவதோடு அமைகின்றன. பிள்ளைக்குப் பெயரில்லை, பெற்றோர் யாவரென்பதும் இல்லை. முகம் மிகத் தெளிவாக உண்டு. அம்முகத்துக்குரியவர் வரலாற்றில் இல்லை.

குரோலி: விழாவின் கூற்றும் படத்தின் கூற்றும்

றஸல் லீ 1903 இல் இலினோய் மாநிலத்தின் ஒட்டாவா நகரிற் பிறந்தவர். இரசாயனப் பொறியியல் பயின்று, பின்னர் ஓவியந் தீட்டி, 1936 இல் ஸ்ரைக்கரின் பிரிவிற் சேர்ந்தார். 1938 ஒக்ரோபரில் அவர் லூயிசியானா மாநிலத்தின் குரோலி நகரில் நடந்த தேசிய அரிசித் திருவிழாவைப் படமாக்கினார். 1887 இல் தோன்றிய அந்நகர், தனது ஐம்பதாவது ஆண்டு நிறைவை முன்னிட்டு 1937 இலேயே இவ்விழாவைத் தொடங்கியிருந்தது. மத்திய மேற்கு மாநிலங்களிலிருந்து வந்த கோதுமை விவசாயிகள், 1880களிற் புகையிரதப் பாதையைத் தொடர்ந்து அப்புல்வெளிகளிற் குடியேறி, இயந்திரங்களைக் கொண்டு நெல் விளைவித்தமையே அந்நகரின் செழிப்புக்குக் காரணமாகும். எனவே விழாவின் கூற்று செழிப்பின் கூற்றாக இருந்தது.

லீயின் படங்களோ விழாவின் ஓரங்களுக்கும் செல்கின்றன. தெருவோரத்தில் அமர்ந்திருப்போர், தின்பண்டத்தோடு நிற்கும் பிள்ளைகள், இசைக்குழுவை அண்ணாந்து நோக்கும் சிறுவர் ஆகியோர் அவரது கவனத்தைப் பெற்றனர். ஒரு நகரம் தன்னைப் பற்றிக் கூற விரும்பாதவற்றையும் விழாநாளிலே பிள்ளைகளின் உடையும் காலும் முகமும் கூறிவிடும். இயல்புநிலைப் படத்தின் வரலாற்றுப் பயன் இதுவேயாகும்.

எனினும் இங்கும் இரண்டு எல்லைகளை ஆய்வாளர் மறத்தலாகாது. முதலாவது, படக்குறிப்புகளின் மொழி. லூயிசியானாவில் அக்காலத்தில் நிறவேறுபாடு சட்டமாகவே இருந்தது. 1890 இல் அம்மாநிலம் இயற்றிய புகையிரதச் சட்டத்தை ஏற்றே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896 இல் ‘வேறாக, ஆயினும் சமமாக’ என்னும் கோட்பாட்டை நிலைநாட்டியது. இத்தொகுதியின் குறிப்புகளிற் கறுப்பினப் பிள்ளை பெரும்பாலும் இனப்பெயராற் சுட்டப்படும். வெள்ளையினப் பிள்ளை வெறுமனே ‘பிள்ளை’ எனப்படும். படம் இருவரையும் ஒப்பக் காட்டினும் குறிப்பு ஒப்பக் காட்டவில்லை. இரண்டாவது, பேச்சு. குரோலியைச் சூழ்ந்த பகுதியின் பிள்ளைகள் பலருக்கு வீட்டுமொழி பிரெஞ்சு. லூயிசியானாவின் 1921 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பள்ளிகளில் ஆங்கிலமே போதனாமொழி என விதித்தது. பள்ளி முற்றத்திற் பிரெஞ்சு பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்ட தலைமுறையே அவ்விழாவிற் கூடியிருந்தது. எத்துணை இயல்பான படமும் அப்பிள்ளைகள் எம்மொழியிற் சிரித்தனர் என்பதைக் கூறாது.

அப்பகுதியின் பிரெஞ்சு மொழியினர் தம் பொது நடனக் கூட்டத்தை ‘பே டோ டோ’ என்பர். குழந்தையைத் தூங்கச் சொல்லும் தாலாட்டுச் சொல் அது. பெற்றோர் ஆடும்போது பிள்ளைகளை அயலறையில் உறங்கவைக்கும் வழக்கத்தினால் இப்பெயர் வந்ததென்பர். ஓராண்டுக்குச் சற்றுப் பின்னர், ஒக்லஹோமா மாநிலத்தின் மக்கின்ரொஷ் கவுண்டியில் நடந்த சதுர நடனமொன்றிலே, கட்டிலில் ஒருங்கு உறங்கிய பிள்ளைகளை லீ படமாக்கினார். வெவ்வேறு மாநிலம், வெவ்வேறு மொழி, வழக்கம் ஒன்றே. நாட்டுப்புறக் கொண்டாட்டம் பற்றிய எழுத்துப் பதிவுகள் பாட்டையும் ஆட்டத்தையும் கூறும்; உறங்கிப்போன பிள்ளைகளைக் கூறுவதரிது.

பை ரவுண்: பழக்கத்தின் வழி

லீயின் முறை ஷானின் முறையிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. அவர் அறைகளினுள் பிளாஷ் விளக்கைத் தாராளமாகப் பயன்படுத்தினார். கண்கூசச் செய்யும் அவ்வொளியை எவராலும் மறைக்க முடியாது. எனவே அவரது உட்புறப் படங்களில் மக்கள் இயல்பாகக் காணப்படுவார்களாயின், அது அவர்கள் கமராவை அறியாமையினாலன்று. அறிந்து, பழகி, அதனைப் பொருட்படுத்தாது விட்டமையினாலாகும்.

இம்முறையின் முழுப்பயன் 1940 இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் பை ரவுண் என்னும் ஊரில் வெளிப்பட்டது. கற்றன் கவுண்டியில், ஏறத்தாழ 7,800 அடி உயரத்தில் அமைந்த இவ்வூர், 1920களில் அங்கே விற்கப்பட்ட பை என்னும் பண்டத்தினாற் பெயர்பெற்றது. வறட்சியினால் ரெக்சாஸ், ஒக்லஹோமா மாநிலங்களை விட்டு வந்தோர் இங்கு அரசிடம் குடியேற்ற நிலம் பெற்று, மரக்குற்றிகளால் நிலத்திற் பாதி புதைந்த வீடுகளை அமைத்து, சோளமும் அவரையும் பயிரிட்டனர். சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 200 குடும்பங்கள் இருந்தன.

லீ 1940 யூனில் இவ்வூரிற் படமெடுத்தார். இலையுதிர்காலத்தில் அவ்வூர்ச் சந்தை விழாவின்போது மீண்டும் வந்தார். முதல் வருகையின்போது, ஊரார் பகல் முழுவதும் ஒன்றுகூடிப் பாடும் விழாவையும், இடையே எல்லோரும் கொண்டுவந்த உணவைப் பகிர்ந்துண்ட பொது விருந்தையும் பதிவுசெய்தார். இரண்டாம் வருகையின்போது கொடாக்குறோம் வண்ணச் சுருளையும் பயன்படுத்தினார். 1936 இல் 35 மில்லிமீற்றர் கமராக்களுக்கு வந்த அச்சுருள் மிகக் குறைந்த வேகமுடையது. வெளியிற் சூரிய ஒளியிலேயே நன்கு பயன்படுவது. விருந்துக்கு முன் தலைகுனிந்து செபிக்கும் ஊரார், பாடும் பள்ளிப் பிள்ளைகள் ஆகியோரின் வண்ணப் படங்கள் இவ்வாறு தோன்றின. 1941 ஒக்ரோபரில் ‘யூ. எஸ். கமரா’ என்னும் சஞ்சிகை பை ரவுண் பற்றிய அவரது படக்கட்டுரையை வெளியிட்டது.

குரோலிக்கும் பை ரவுணுக்கும் இடையே இரண்டு ஆண்டுகளே கழிந்தன. எனினும் படக்குறிப்புகள் பெரிதும் மாறிவிட்டன. பை ரவுண் குறிப்புகளிற் குடும்பங்களின் பெயர்கள் உள. எங்கிருந்து வந்தனர், என்ன பயிரிடுகின்றனர், எவ்வகை வீட்டில் வாழ்கின்றனர் என்னும் விபரங்களும் உள. இம்மாற்றத்திற்கு இரு காரணங்களைக் காட்டலாம். ஒன்று, விழாநாளில் மட்டும் வந்து செல்லாது, விழாவுக்கு முன்னரும் பின்னரும் அம்மக்களின் வீடுகளுக்கும் வயல்களுக்கும் சென்று பழகியமை. மற்றையது, ஜீன் லீயின் பங்கு. பத்திரிகையாளராக இருந்த அவர் 1938 இலையுதிர்காலத்தில் நியூ ஓர்லியன்சில் லீயைச் சந்தித்து, பின்னர் அவரை மணந்தார். அதன்பின் பயணங்களில் உடன்சென்று, மக்களோடு உரையாடிக் குறிப்புகளை எழுதியவர் அவரே. நிழற்பட வரலாறுகளிற் படமெடுத்தவரின் பெயரே நிலைக்கின்றது. படத்திலிருந்தவரின் பெயரைக் கேட்டெழுதியவர் பெரும்பாலும் மறக்கப்படுகின்றார். பை ரவுண் தொகுதியை வரலாற்று மூலமாக்கியதில் எழுதுகோலின் பங்கு கமராவின் பங்குக்குக் குறைந்ததன்று.

பெயரும் முகமும்

இவ்விரு வழிகளின் வேறுபாடு பிற்காலத்திலேயே முழுமையாகப் புலப்பட்டது. பெயர்கள் எழுதப்பட்டிருந்தமையாற் பை ரவுண் மக்களைத் தேடிச்செல்ல முடிந்தது. லீயின் படங்களில் இடம்பெற்ற குடியேற்றப் பெண்ணொருவரின் வாழ்க்கையை, அவரது சொந்த நினைவுகளையுங் கொண்டு, ஜோன் மையர்ஸ் 2001 இல் ஒரு நூலாக வெளியிட்டார். நிழற்படம் தொடங்கிய வரலாற்றைப் படத்திலிருந்தவரே பேசி நிறைவுசெய்ய வாய்ப்புக் கிடைத்தது. அஷ்வில் விழாவிற் பெயரின்றிப் படம்பிடிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு எளிதில் வாய்ப்பதன்று.

பெயரின்மையின் துயரை உணர்த்தும் வேறோர் எடுத்துக்காட்டும் இத்தொகுதியிலேயே உண்டு. அது விழாப்படமன்று. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் டொறதியா லாங்கே எடுத்த, புலம்பெயர் தொழிலாளித் தாயொருத்தியும் அவளது பிள்ளைகளும் கொண்ட படம் உலகெங்கும் அறியப்பட்டது. லாங்கே அவளது பெயரைக் கேட்கவில்லை. 1978 இலேயே அவர் யாரென்பது வெளிப்பட்டது. தாம் அப்படத்தினால் எப்பயனும் அடையவில்லை என்னும் மனக்கசப்பை அத்தாய் வெளியிட்டார். படத்திலிருந்த மகளொருவர், அது தமக்கு வெட்கத்தைத் தந்ததெனப் பின்னர் கூறினார். முகத்தை உலகம் வைத்திருந்த நாற்பத்திரண்டு ஆண்டுகளில், அம்முகத்துக்குரியவரின் சொல்லை எவரும் கேட்கவில்லை.

பெயரெழுதுதல் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பதும் பொருந்தாது. வறுமையோடு பெயரும் நிலைத்துவிடும் என்னும் அச்சம் நியாயமானதே. அரசுப் பணியாக எடுக்கப்பட்டமையால் இப்படங்கள் பெரும்பாலும் பொதுவுடைமையாகும். 1990கள் முதல் அவை கணினி வழியாக உலகோர் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டுள்ளன. 1940 இல் ஒரு தந்தை தன் பிள்ளையைப் படமெடுக்க இசைந்தபோது, வாஷிங்ரனில் ஒரு கோப்பையோ ஒரு சஞ்சிகைப் பக்கத்தையோ எண்ணியிருப்பார். எண்பது ஆண்டுகளின் பின் எவரும் எங்கிருந்தும் காணும் நிலையை எண்ணியிருக்க முடியாது. உறங்கிக்கொண்டிருந்த ஒக்லஹோமாப் பிள்ளைகள் இசைவோ மறுப்போ தெரிவிக்கும் நிலையிலும் இருக்கவில்லை.

பிள்ளையைத் தனி உரிமையுடையவராகக் கொள்ளும் நோக்கு சட்டத்தில் இடம்பெறப் பல்லாண்டுகள் சென்றன. ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பர் 20 ஆந் திகதி ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களிற் கருத்துக்கூறும் உரிமையைச் சிறுவர்க்கு வழங்குகின்றது. 16 ஆம் உறுப்புரை அவர்களது அந்தரங்கத்தைப் பாதுகாக்கின்றது. இலங்கை 1991 இல் இதனை ஏற்புறுதி செய்தது. ஐக்கிய அமெரிக்கா 1995 இற் கையொப்பமிட்டதாயினும் இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. பிற்காலச் சட்டத்தைக் கொண்டு முற்காலத்தவரைக் குற்றஞ்சாட்டுதல் வரலாற்று நெறியன்று. ஆயினும் அக்காலத்திலேயே, அச்சட்டம் எதுவுமின்றியே, இரு வழிகள் இருந்தன என்பதையும், அவற்றுள் ஒன்றை ஒருவர் தெரிந்துகொள்ள முடிந்தது என்பதையும் வரலாறு காட்டுகின்றது.

பாதுகாப்பவரின் கையிலும் படத்தின் விதி தங்கியிருந்தது. தமக்கு ஒவ்வாத நெகற்றிவ்களிலே துளையிட்டு, அவை மீண்டும் பயன்படாதவாறு செய்யும் வழக்கத்தை ஸ்ரைக்கர் 1930களின் இறுதிவரை கையாண்டார். துளையிட்ட நெகற்றிவ்கள் பலவும் அழியாது எஞ்சியுள்ளன. சிலவற்றில் அக்கருவட்டம் முகத்தின் மீதே விழுந்துள்ளது. எப்படம் வரலாறாக வேண்டும், எது ஆகவேண்டாம் என்னும் முடிவு படத்திலிருந்தவரைக் கேளாது எடுக்கப்பட்டதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திருவிழாவிற் சிறுவரைக் காட்டும் இயல்புநிலைப் படங்கள் ஒப்பற்ற வரலாற்று மூலங்கள் என்பது பெறப்படும். விழா தன்னைப் பற்றிக் கூறும் பெருமையை அவை திருத்துகின்றன. ஏடுகள் கூறாத பிள்ளைகளின் நாளை நம்முன் வைக்கின்றன. அதேவேளை, இயல்புநிலை என்பது ஒரேவகைப்பட்டதன்று. மறைந்து நின்று பெற்றது ஒன்று. உடனிருந்து பெற்றது பிறிதொன்று. முதலாவது முகத்தைத் தந்து பெயரை இழந்தது. இரண்டாவது காலத்தையும் உழைப்பையும் வேண்டிற்று. அதற்கு ஈடாக முகத்தோடு வாழ்வையுந் தந்தது.

ஆகவே இத்தகைய படத்தை மூலமாகக் கொள்ளும் ஆய்வாளர், படத்தில் என்ன உள்ளது என்பதோடு அமையாது, எங்கே நின்று எடுக்கப்பட்டது, எத்தனை நாள் தங்கி எடுக்கப்பட்டது, பெயரைக் கேட்டெழுதியவர் யார் என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். ஊர்த் திருவிழாக்களை இனிமேற் பதிவுசெய்யப் புகுவோர்க்கும் இவ்வினாக்கள் பொருந்தும். பை ரவுணில் அன்று பாடிய பிள்ளைகள் இன்று உளராயின் மிக முதியோராக இருப்பர். அவர்களுட் சிலரது கதை நமக்குத் தெரியவந்தமைக்குக் காரணம், கமராவை மூடிவைத்த பின்னரும் ஒருவர் அங்கிருந்து பெயர்களைக் கேட்டெழுதியமையே.